கண்ணை அளப்பதும் ஆளை அறிவதும்

நோயில்லாத கண்ணொன்றில் செய்யப்படும் சத்திரசிகிச்சையிடம் ஒரு மனிதர் எதை எதிர்பார்க்கலாம்? கேட்டவுடன் இது மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வியாகத் தோன்றும். பாதிக் கேள்வி அப்படியானதுதான். மற்றப் பாதியை நாமே எமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மற்றப் பாதியைப் பற்றியே இங்கு எழுத முனைகிறேன்.

‘எதிர்பார்ப்பு’ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பாவிக்கிறோம். “இரவைக்கு மழையை எதிர்பார்க்கலாம்” என்கிறபோது வானத்தைப் பார்த்து ஒரு கணிப்பைச் சொல்கிறோம். பெய்யாவிட்டால் மேகத்தோடு எமக்கு வழக்கு ஒன்றுமில்லை. “வெளிநாட்டில் இருக்கிற மகனிட்டை எதிர்பார்க்கினம்” என்கிறபோது அதில் ஓர் உரிமை இருக்கிறது. கிடைக்காவிட்டால் மனம் கோணும். சிலவேளை பேச்சுவார்த்தையே நின்றுபோகும். கண்ணுக்கு லேசர் செய்யப்போகிற ஒருவர் இந்த இரண்டு எதிர்பார்ப்பையும் ஒன்றாகச் சுமந்துகொண்டே அந்தக் கட்டிலில் படுக்கிறார். சிகிச்சை நிலையத்தின் பிரசுரமோ முதலாவதைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதை வளர்த்துவிடுகிறது. “உங்கள் கண்ணுக்கென்றே அளவெடுத்தது” என்று அதில் எழுதியிருக்கும். பிரெஞ்சில் ‘பெர்சொனலிசே’ என்பார்கள். ஆளுக்கேற்றது. எந்த ஆளுக்கு என்பதுதான் என் கேள்வி.

எம்மவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று யாரும் கேட்கலாம். பாரிஸில் பதின்மூன்று வருடமாக ரெஸ்ரோறண்ட் குசினியில் நிற்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது அடுப்புக்கு வந்திருக்கிறேன். இரண்டு கண்ணிலும் ஐந்து டயொப்டர் குறும்பார்வை. குளிர் அறைக்குள் போய் இறைச்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், குசினியின் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகிவிடும். கையில் பாரம், காலடியில் எண்ணெய் பட்ட நிலம், எதிரே கொதிக்கிற சட்டியோடு திரும்புகிற இன்னொருவர். அந்தச் சில வினாடிகள் நான் குருடன். எண்ணெய் தெறித்த கண்ணாடியை ஏப்ரனில் துடைத்துத் துடைத்து அதன் மேற்பூச்சே போய்விட்டது. ஆகவே கண்ணாடி இல்லாமல் பார்க்கலாம் என்ற பேச்சு எனக்கு அழகு சம்பந்தப்பட்டதல்ல. இன்னொரு பக்கம், கலியாணம் பேசத் தொடங்கிய வீடுகளில் மகளின் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிற பெற்றோரையும் காண்கிறேன். அங்கே எதிர்பார்ப்பவர் ஒருவர், கண் இன்னொருவருடையது. செலவோ, எனது கணக்கில், இரண்டு மாதச் சம்பளம். இந்நாட்டின் அரச மருத்துவக் காப்புறுதி அதைப் பொறுப்பேற்காது. கண்ணாடிக்குத்தான் உதவி உண்டு.

முதலில் இச்சிகிச்சை என்ன என்பதைப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் இரண்டு வருடம் படித்து இடையில் விட்டு வந்தவன் என்பதால், இதை விளங்கிக்கொள்வதில் எனக்கு ஒரு தனி ஆசையும் இருந்தது.

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு படலம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விழிவெண்படலம் என்று படித்திருப்போம். நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிக்கிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்தப் படலமே செய்கிறது. உள்ளேயிருக்கும் வில்லைக்கு மீதிதான். ஆக, இதன் வளைவைக் கொஞ்சம் மாற்றினால் பார்வை மாறும். குறும்பார்வைக்கு நடுவில் சற்றுத் தட்டையாக்க வேண்டும். ஐந்து டயொப்டருக்குச் சீவவேண்டியது சுமார் 70 மைக்ரோன், ஒரு தலைமயிரின் தடிப்பு.

சீவுகிற கருவி எக்சைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிர். இதன் அலைநீளம் 193 நனோமீற்றர். இந்தக் கதிர் உயிருள்ள இழையத்தைச் சுடாமல், பக்கத்தைக் கருக்காமல், மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து மெல்லிய படையாக எடுத்துவிடும் என்று கண்டது 1981இல், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில். கண்ட மூவரில் ஒருவரான ரங்கசாமி ஸ்ரீநிவாசன் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மற்ற இருவர் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும். அவர்கள் முதலில் லேசரைப் பிடித்துப் பார்த்தது நவம்பர் மாத நன்றி நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பில். மிஞ்சிய சாப்பாட்டை நாள்தோறும் வாளியில் கொட்டுகிற எனக்கு இந்தச் செய்தி பிடித்துக்கொண்டது. 1983இல் ஸ்ரீநிவாசனும் கண் மருத்துவர் ஸ்ரீபன் துரோக்கலும் இதனை விழிவெண்படலத்தில் பாவிக்கலாம் என்று எழுதினார்கள். 1988இல் பார்வையுள்ள மனிதக் கண்ணில் மார்கரீட் மக்டொனால்ட் செய்தார். படலத்தில் ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி, மடலைத் திரும்ப மூடுகிற லேசிக் முறை அதைத் தொடர்ந்து வந்தது.

அந்தக் காலத்து லேசருக்குக் கொடுக்கப்பட்டது கண்ணாடிச் சீட்டில் உள்ள இலக்கம்தான். ஐந்து டயொப்டர் என்றால் எல்லா ஐந்துக்கும் ஒரே வெட்டு. ஆளுக்கேற்ற சிகிச்சை இதற்கு மேலே ஒரு படி போகிறது. ஒரே இலக்கமுடைய இருவரின் கண்களும் ஒன்றல்ல. ஒவ்வொன்றிலும் தனியான மேடு பள்ளங்கள், ஒளியைத் தன்பாட்டில் திருப்புகிற சிறு பிறழ்ச்சிகள் உண்டு. அவற்றை அளக்கிற வழி வானத்திலிருந்து வந்தது. தொலைகாட்டியின் வில்லையைச் சோதிக்க யொகனெஸ் ஹார்ட்மன் என்ற ஜேர்மன் வானியலாளர் கண்ட முறையை, 1971இல் ரோலன்ட் ஷாக் அமெரிக்காவில் திருத்தியமைத்தார். வளிமண்டலத்தின் கலக்கத்தினூடாக வானத்துப் பொருட்களைத் தெளிவாகப் பார்ப்பதே அப்போதைய தேவை. 1994இல் ஹைடல்பேர்க்கில் யோசெப் பில்லேயும் அவரது மாணவர் லியாங்கும் அதையே மனிதக் கண்ணுக்குத் திருப்பினார்கள். ஒரு நுண்ணிய ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்பி வருகிற அலைமுகம் எங்கெங்கே நெளிந்திருக்கிறது என்று நூற்றுக்கணக்கான புள்ளிகளில் பார்ப்பார்கள். அந்த நெளிவின் படம்தான் லேசரை வழிநடத்தும். இவ்வாறான சிகிச்சைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் முதன்முதல் அனுமதி கொடுத்தது.

கணிப்பு என்ற முதலாவது பொருளில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அளவெடுக்க முன் சில நாட்களோ வாரங்களோ கண்ணுக்குள் போடும் வில்லைகளை நிறுத்தவேண்டும். இலக்கம் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கவேண்டும். படலம் மெல்லியதாகவோ கூம்பிப்போகிற தன்மையுடனோ இருந்தால் செய்யக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புகிற மருத்துவர் நல்ல மருத்துவர். சிகிச்சை நாளில் துளி மருந்தால் கண்ணை விறைக்கவைத்து, இமையைச் சிறு கருவியால் திறந்து பிடித்திருப்பார்கள். மடல் வெட்டும்போது ஓர் அழுத்தம் தெரியும். சில வினாடிகள் பார்வை இருண்டுபோகும். பிறகு லேசர் தட்டுகிற சத்தம், மயிர் பொசுங்கியது போன்ற ஒரு மணம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அன்று கண்ணீர் வடியும், எரியும். அடுத்த நாள் காலையில் பெரும்பாலானோர் சுவர்க்கடிகாரத்தைக் கண்ணாடியில்லாமல் பார்த்துவிடுவார்கள். ஆனால் பார்வை நிலைகொள்ள மூன்று மாதம்வரை செல்லும். அதுவரை துளி மருந்து. முதல் வாரங்களில் கண்ணைக் கசக்கக் கூடாது. மிளகாய்த்தூளும் மாவும் ஆவியும் பறக்கிற குசினியில் நிற்பவருக்கு இந்தக் கடைசி விதி சிறிய விதியல்ல. லீவு எடுக்க முடியுமா என்பதே முதற் கேள்வியாகிவிடும்.

எதிர்பார்க்கவேண்டிய வேறு சிலவும் உண்டு. மடல் வெட்டும்போது படலத்தின் நரம்புகளும் அறுபடுவதால் கண் வறளும். பெரும்பாலும் மாதக்கணக்கில் குறைந்து வரும், சிலரிடம் தங்கிவிடும். இருட்டில் கண்மணி விரிகிறபோது, செதுக்கிய வட்டத்தின் விளிம்பினூடாகவும் ஒளி உள்ளே வரும். அதனால் தெருவிளக்கைச் சுற்றி வளையமும் சிதறலும் தெரியலாம். நாற்பதுகளின் நடுவில் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்தை இது தடுக்காது, ஏனெனில் அது உள்ளேயுள்ள வில்லை இறுகுவதால் வருவது. குறும்பார்வைக்காரர் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பிடித்து வாசித்துவிடுவார். லேசர் செய்தவருக்கு அந்த வசதி போய்விடும். முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிற என்னைப் போன்றவர் தூரக் கண்ணாடியைக் கொடுத்து, சில வருடங்களில் வாசிப்புக் கண்ணாடியை வாங்குகிறார். சீவி எடுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

‘ஆளுக்கேற்ற’ என்ற அடைமொழி இவற்றில் எதை மாற்றுகிறது? இரவு வளையங்களைச் சிலரிடம் குறைக்கலாம். ஆனால் கண்ணின் மொத்தப் பிறழ்ச்சியில் மிகப் பெரும் பங்கு கண்ணாடியாலேயே திருத்தக்கூடியது. அலைமுகப் படம் மேலதிகமாகப் பிடிப்பது சிறிய மிச்சத்தைத்தான். படம் எடுத்த பிறகு மடல் வெட்டுவதே புதிதாகச் சில பிறழ்ச்சிகளை உண்டாக்கும். புண் ஆறும்போது மேற்தோல் வளர்ந்து நுண்ணிய செதுக்கல்களை ஓரளவு நிரப்பிவிடும். படமும் ஒரு கணத்தின் படம்தான். இமைத்தவுடன் கண்ணீர்ப் படை மாறும், வயது போக வில்லை மாறும். ஆக, அளவு மிக நுட்பமானது. அளக்கப்பட்ட பொருள்தான் அசைந்துகொண்டிருக்கிறது.

இனி, என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த ஒரு கணக்கு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய இரண்டு ஆய்வுகளின் முடிவு 2017இல் வெளியானது. முதலாவதில் 262 கடற்படையினர், இரண்டாவதில் 312 பொதுமக்கள். எல்லோரும் லேசிக் செய்தவர்கள். சத்திரசிகிச்சைக்கு முன் வளையம், சிதறல், இரட்டைத் தோற்றம் போன்ற பார்வைக் குறை எதுவுமே இல்லாதிருந்தவர்களில், மூன்று மாதத்தின் பின் ஒன்றாவது புதிதாக வந்ததாகச் சொன்னோர் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். அதே ஆய்வில் தமது பார்வையில் திருப்தி என்று சொன்னோர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல்.

இரண்டும் ஒரே ஆட்களின் வாயிலிருந்து வந்தவை. யாரும் பொய் சொல்லவில்லை. திருப்தி என்பது குறையில்லாமை அல்ல என்பதைத்தான் இக்கணக்கு காட்டுகிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியவர், வாங்கியது கூடப் பெறுமதியானது என்று கருதினால் திருப்திப்படுவார். அப்படியானால் கேட்கவேண்டியது ‘எத்தனை பேருக்குத் திருப்தி’ என்பது மட்டுமல்ல. ‘கொடுத்தது என்ன, அது யாருக்கு எவ்வளவு பெறுமதி’ என்பதும்தான். இரவு பத்து மணிக்குப் படுக்கைக்குப் போகிறவருக்குத் தெருவிளக்கின் வளையம் ஒரு வேடிக்கை. கடைசி மெத்ரோவை விட்டுவிட்டு, மழையில் வாகன விளக்குகளுக்கு நடுவே சைக்கிளில் வீடு திரும்புகிற குசினிக்காரருக்கு அதே வளையம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆய்வுகூட இயந்திரத்துக்கு இருவரின் அலைமுகமும் ஒன்றாகவே தெரியக்கூடும்.

நல்ல பார்வை என்று எதைச் சொல்கிறோம் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவானதல்ல. சுவரில் தொங்குகிற எழுத்துப் பலகையை 1862இல் ஒல்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெலன் வெளியிட்டார். ஆறு மீற்றரில் ஒரு குறிப்பிட்ட வரியை வாசித்தால் ஆறுக்கு ஆறு. இது முழுமையின் அளவு என்று எம்மவர் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்ட ஒரு கோடு. நல்ல கண்ணுள்ள இளைஞர் பலர் அதற்குக் கீழ் வரியையும் வாசிப்பார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தை வெளிச்சத்தில் வாசிப்பதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது. மங்கலான படிக்கட்டில் கடைசிப் படி எங்கே முடிகிறது, மீனின் கண் மங்கிவிட்டதா, கறி அடிப்பிடிக்கத் தொடங்கும்போது நிறம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் அந்தப் பலகை கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் ஒளியியற் குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்துவிட்டு, இப்படியொரு கருவியை ஒரு கடைக்காரர் தனக்கு விற்றிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்ற கருத்தில் எழுதினார். பலரும் எடுத்துச் சொல்வது இத்துடன் நின்றுவிடும். அவரோ, என் கண்ணை மட்டும் அதன் குறைகளோடேயே இயன்றவரை வைத்துக்கொள்வேன் என்றும் சேர்த்துச் சொன்னார். 2004இல் ஸ்பெயின் நாட்டு பப்லோ ஆர்தாலும் அமெரிக்காவின் டேவிட் வில்லியம்ஸும் அவர்களது குழுவினரும் செய்த சோதனை அந்தப் பின்பாதிக்கு ஓர் ஆதாரம் போல இருக்கிறது. ஒருவரின் கண்ணுக்குரிய பிறழ்ச்சியை அதே அளவில், திசையை மட்டும் திருப்பிக் காட்டினால், அவருக்குக் காட்சி கூட மங்கலாகத் தெரிகிறது. தன் கண்ணின் குறைக்கு மூளை பழகி, அதைக் கழித்துக்கொண்டு பார்க்கிறது. இதனால் குறையைத் திருத்தக்கூடாது என்றாகாது. பார்ப்பது கண் மட்டுமல்ல, அந்தக் கண்ணோடு இத்தனை வருடம் வாழ்ந்த ஆளும் சேர்ந்தே பார்க்கிறார் என்பதுதான் இதில் தெரிகிறது.

அளவெடுக்கப்படுவது அகதிக்குப் புதிதல்ல. 2003இலிருந்து ஐரோப்பாவில் தஞ்சம் கேட்பவரின் விரல் ரேகைகள் யூரோடக் என்ற பொதுக் கணினியில் பதியப்படுகின்றன. கண்ணுக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான கதிராளியில் உள்ள கோலம் ஆளுக்கு ஆள் வேறு. 2002இல் பாகிஸ்தானிலிருந்து ஊர் திரும்பிய ஆப்கான் அகதிகளின் கதிராளியை ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் படம்பிடித்தது, ஒருவர் இரண்டு தடவை உதவி பெறாமல் இருப்பதற்காக. 2016இலிருந்து ஜோர்தானின் சாத்தாரி முகாமில் சிரிய அகதிகள் கடையில் மாவும் எண்ணெயும் வாங்கியபின் கண்ணைக் காட்டிக் காசு தீர்த்தார்கள். ஆளுக்கேற்ற லேசரும் இதே கதிராளிக் கோலத்தைத்தான் பார்க்கிறது. இருந்தபடி அளவெடுத்த கண், மல்லாந்து படுக்கும்போது சில பாகை சுழன்றுவிடும். கோலத்தை ஒப்பிட்டு அந்தச் சுழற்சியைக் கணக்கில் எடுத்த பின்பே கதிர் பாயும்.

ஒரே கோலத்தைப் படிக்கிற இரண்டு இயந்திரம். ஒன்று ஏமாற்றுகிறாயா என்று பார்க்கிறது. மற்றது உன் நன்மைக்காகப் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை, அது அநியாயம். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கின்றன. ‘இது எந்தக் கண்?’ என்பது அந்தக் கேள்வி. ‘இந்தக் கண்ணால் என்ன செய்து வாழ்கிறாய்?’ என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க இயந்திரத்தால் முடியாது. அது இயந்திரத்தின் குற்றமும் அல்ல. கேட்கவேண்டியவர் மனிதர்.

கடந்த மாரியில் நானும் ஒரு சிகிச்சை நிலையத்தில் அளவெடுக்கப் போனேன். நான்கு இயந்திரங்கள், நான்கு தடவை நாடியை வைத்தல், நான்கு தடவை பச்சைப் புள்ளியைப் பார்த்தல். எல்லோரும் மரியாதையாக நடந்தார்கள். படலம் போதிய தடிப்பு, செய்யலாம் என்றார்கள். என் கண்ணின் வண்ணப் படத்தை அச்சிட்டும் தந்தார்கள். நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, மழைக்கால வரைபடம் போல. நான் என்ன வேலை செய்கிறேன், இரவில் எப்படி வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் நெருக்கமான பிரெஞ்சில் பல பக்கம் கொண்ட ஒரு சம்மதப் பத்திரம். வீட்டில் வாசித்துக் கையெழுத்து வைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எம்மில் பலர் இந்நாடுகளுக்கு வந்ததிலிருந்து எத்தனை தாளில் கையெழுத்து வைத்திருப்போம்? மொழிபெயர்ப்பாளர் சொன்னார், வைத்தோம். வக்கீல் சொன்னார், வைத்தோம். முதலாளி நீட்டினார், வைத்தோம். வாசிக்காமல் வைப்பதே எமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது, வாசித்தாலும் மறுக்கிற இடத்தில் நாம் நிற்கவில்லை என்பதால். இந்தத் தாள் அப்படியானதல்ல. இங்கே மறுக்கலாம். மறுத்தால் யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. மறுக்கக்கூடிய இடத்தில் வைக்கிற கையெழுத்துக்குத்தான் சம்மதம் என்று பெயர். அதைப் பழைய பழக்கத்தில் வைத்துவிடக்கூடாது என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. ஊரில் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தார்கள். அதற்கு முதல் நாள் டொக்டர் வில்லையைப் பற்றி ஏதேதோ விளங்கப்படுத்தியிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மா ஒன்றே ஒன்றைக் கேட்டாவாம்: “டொக்டர் ஐயா, அரிசியிலை கல்லுப் பொறுக்கலாமோ?” அவர் சிரித்துவிட்டு, “கிட்டப் பாக்கிறதுக்கு ஒரு கண்ணாடி தருவன், அதைப் போட்டுக்கொண்டு பொறுக்கலாம் அம்மா” என்றாராம். தங்கச்சி தொலைபேசியில் இதைப் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு இப்போது அது பகிடியாகத் தெரியவில்லை. இலக்கம், டயொப்டர், ஆறுக்கு ஆறு எதுவும் தெரியாத ஒரு மனுசி, தன் கண்ணிடம் தான் என்ன எதிர்பார்க்கிறா என்பதை ஒரு வேலையின் பெயரால் சொல்லியிருக்கிறா. டொக்டரும் அதற்கு ஆம் அல்லது இல்லை என்று நேராக விடை சொல்லக்கூடியதாக இருந்தது. ‘கண்ணாடி போட்டுக்கொண்டு’ என்ற நிபந்தனையும் அந்தக் கேள்வியால்தான் வெளியே வந்தது. அலைமுக இயந்திரம் இல்லாமலேயே அந்தச் சிகிச்சை ஆளுக்கேற்றதாகிவிட்டது.

இதற்கு மறுப்புச் சொல்லலாம். இலட்சக்கணக்கானோர் பார்வையே இல்லாமல் கண்புரைச் சிகிச்சைக்குக் காத்திருக்கையில், கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற ஒருவர் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டுவது நியாயமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை எம்மவர் சக தொழிலாளியிடம் கேட்கிற வேகத்தில், புதுக் காருக்கும் மண்டபத்துச் சாமத்திய வீட்டுக்கும் கேட்பதில்லை. கொதிக்கிற சட்டிகளுக்கு நடுவில் நிற்பவருக்கு ஆவி படியாத பார்வை அலங்காரம் அல்ல. இன்னும் சிலர், இயற்கை தந்ததில் கை வைக்கலாமா என்பார்கள். கண்ணாடியும் இயற்கை தந்ததல்ல. வேறுபாடு ஒன்று உண்டு: கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கலாம். இதை வைக்க முடியாது. ஆகவே இயற்கையா இல்லையா என்பதைவிட, திரும்பி வரக்கூடியதா இல்லையா என்பதே முக்கியமாகப் படுகிறது.

மூன்றாவது மறுப்புத்தான் வலுவானது. நாளுக்கு எத்தனையோ கண்களைப் பார்க்கிற மருத்துவர் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் எப்படி அறிவார்? அறியமாட்டார், முழுதாக அறியவேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல. கேட்கவேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. சொல்லவேண்டிய பொறுப்பு எமக்கும் உண்டு. கண்ணின் பாதியை இயந்திரம் அளக்கும். வாழ்க்கையின் பாதியை நாம்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதைக் கொண்டுபோகாதவர் பிரசுரத்தின் எதிர்பார்ப்பையோ, பெற்றோரின் எதிர்பார்ப்பையோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அற்புதத்தையோதான் தன்னுடையதென்று கொண்டுபோவார். பிறகு வருகிற ஏமாற்றத்துக்கும் திருப்திக்கும் சொந்தக்காரர் யாரென்றே தெரியாது.

ஆகவே சம்மதப் பத்திரம் இன்னும் கையெழுத்தில்லாமல் என் அலுமாரியில் இருக்கிறது. அதை ஒரு சிநேகிதரின் மகள், மருத்துவம் படிக்கிற பிள்ளை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு இருந்து வரிவரியாகத் தமிழில் சொல்லித் தந்தாள். அடுத்த சந்திப்புக்கு என்று சில கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். மழையிரவில் சைக்கிளில் போகலாமா? கண் வறண்டால் அடுப்புச் சூட்டில் பத்து மணித்தியாலம் நிற்க முடியுமா? எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது? வெள்ளெழுத்து வருகிறபோது எனக்கு மிச்சம் என்ன இருக்கும்? மடல் வெட்டாமல், மேற்தோலை மட்டும் நீக்கிச் செய்கிற பழைய முறை என் வேலைக்குக் கூடப் பொருந்துமா? இவற்றுக்கு வருகிற விடைகளைப் பார்த்துத்தான் செய்வதா விடுவதா என்று முடிவெடுப்பேன். “உங்களுக்குத் தெரியாத விடயம், டொக்டர் பார்த்துச் செய்வார்” என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கண்ணைப் பற்றி அவருக்கு என்னைவிட ஆயிரம் மடங்கு தெரியும். குளிர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறபோது நான் எதைப் பார்க்கவேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும்.